சவுரி இல்லாம ஒரு சுருட்டைச் சடை

போன மாசம் சித்தி பொண்ணு கல்யாணத்துக்காக ஒரு பார்லருக்குப் போயிருந்தேன். அந்த அக்கா என் முடியைக் கையில அள்ளிப் பார்த்துட்டு, "இதை வச்சு சடை நிக்காதும்மா, நீளமும் பத்தாது. சவுரி வச்சாதான் ஆச்சு"ன்னாங்க. இல்லேன்னா முதல்ல ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணிட்டு வரணுமாம். ரெண்டும் வேணாம்னு சொல்லிட்டு வெளியே வந்துட்டேன்.

வீம்பு இல்லை. நெற்றிப்பொட்டுக்கு மேல ரெண்டு பக்கமும் எனக்கு முடி கொஞ்சம் கொஞ்சமா பின்வாங்கிக்கிட்டு இருந்தது. இனிமே அந்த இடத்துல பாரம் ஏத்தக் கூடாது, இழுத்துக் கட்டக் கூடாதுன்னு தோல் டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆகுது. ஆனா பட்டுப்புடவை கட்டி, பூ வச்சு, சடை பின்னிக்கிட்டுப் போகணும்னு எனக்கும் ஆசை இருக்கும்ல? அந்த ஆசைக்கும் டாக்டர் சொன்னதுக்கும் நடுவுல நான் கத்துக்கிட்டதுதான் இந்த எபிசோட்.

முதல்ல அந்த நீளக் கணக்கைப் பார்த்துடுவோம். பார்லர் அக்கா அளந்தது காய்ந்து, சுருண்டு கிடந்த முடியை. ஈரமா இருக்கும்போது என் முடி முதுகின் பாதி வரைக்கும் வரும். காய்ஞ்சா தோள்பட்டையில வந்து உட்கார்ந்துடும். சுருள் ஒரு ஸ்பிரிங் மாதிரி, நீளம் அதுக்குள்ள மடங்கி இருக்கு. மூணு கால் எடுத்துப் பின்னும்போது அந்த ஸ்பிரிங் விரியுது. அதாவது, சடை போடுறதுக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத நீளம், சடை போட்ட பிறகு வெளியே வருது. பருமனும் அப்படித்தான். ஒவ்வொரு இழையும் வளைஞ்சு வளைஞ்சு போறதால இழைகளுக்கு நடுவுல காத்து நிக்கும். அதே எண்ணிக்கை நேர் முடியில போடுற சடையைவிட சுருட்டை முடிச் சடை தடிமனாத் தெரியும். ஆக, சவுரி தேவைப்படுறது நமக்குத்தான்னு சொல்றது கொஞ்சம் தலைகீழ்.

அப்போ ஏன் நம்ம சடை நிக்க மாட்டேங்குது? பிரச்சினை பின்றதுல இல்லை, வாரறதுல. நம்ம வீடுகள்ல சடைக்குன்னு இருக்கிற கைப்பழக்கம் எல்லாமே நேர் முடிக்காக எழுதின கோடு. அதையே சுருட்டை முடியில ரன் பண்ணா எர்ரர்தான் வரும். என் ஸ்கூல் காலம் முழுக்க அப்படித்தான். காலையில ஏழு மணி, காய்ஞ்ச முடி, கை நிறைய எண்ணெய், சின்னப் பல் சீப்பு, உச்சியில இருந்து கீழ வரைக்கும் ஒரே இழு. அப்புறம் ரெட்டைச் சடை, மடிச்சுக் கட்டி ரிப்பன். புருவம் மேல ஏறுற அளவுக்கு இறுக்கம். ஒரு பிசிறு நின்னாலும் ஸ்கூல்ல டைரியில எழுதி அனுப்புவாங்க, அதனால அம்மா இன்னும் இறுக்குவாங்க. அம்மாவைக் குத்தம் சொல்லி என்ன, அவங்களுக்கு அவங்க அம்மா சொல்லிக்கொடுத்ததும் அதுதானே.

முடிக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பார்க்கலாம். முடி கெரட்டின் என்கிற புரதம். நேர் முடியை வெட்டிப் பார்த்தா ஏறக்குறைய வட்டமா இருக்கும், சுருட்டை முடி தட்டையான நீள்வட்டம். முளைக்கிற வேர்ப்பையே வளைஞ்சு இருக்கு. தலையில சுரக்கிற எண்ணெய் நேர் முடியில வழுக்கிக்கிட்டு நுனி வரைக்கும் இறங்கிடும். சுருள்ல அது ஒவ்வொரு வளைவுலயும் தங்கிடுது, நுனி வறண்டு போகுது. வளைவுகள்தான் பலவீனமான இடம், சீப்பு மாட்டுறதும் அங்கதான். காய்ஞ்ச நிலையில உச்சியில இருந்து இழுத்தா எல்லா சிக்கையும் கீழ தள்ளி ஒரே முடிச்சாக்கி, அதை அறுத்துட்டு வெளியே வர்றோம்.

கெரட்டின் இழைகளைப் பிணைச்சு வச்சிருக்கிறதுல ரெண்டு வகை இருக்கு. டைசல்ஃபைட் பிணைப்பு உறுதியானது. ஸ்ட்ரெயிட்டனிங், பெர்ம் மாதிரி ரசாயனம்தான் அதை உடைக்கும். ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணி பட்டாலே விட்டுடும், காயும்போது மறுபடி சேரும். எந்த வடிவத்துல காயுதோ அந்த வடிவத்தைப் பிடிச்சுக்கும். நமக்கு வேண்டிய கருவி இதுதான். ஈரம் மிச்சம் இருக்கும்போது பின்னி, அந்த வடிவத்துலயே காய விட்டா, ஜெல் இல்லாமலே சடை நிக்கும்.

இப்போ நான் செய்றதைச் சொல்றேன். முந்தின நாள் சாயந்திரம் தலைக்குக் குளிச்சு, முடி சொட்டச் சொட்ட இருக்கும்போதே கண்டிஷனர் தாராளமா போட்டு, நாலு பாகமா பிரிச்சுக் கிளிப் மாட்டிடுவேன். ஒவ்வொரு பாகத்தையும் முதல்ல விரலால, அப்புறம் பெரிய பல் சீப்பால, நுனியில இருந்து மேல ஏறி ஏறிச் சிக்கெடுப்பேன். சீப்பு ஓடுற இடத்துக்கு மேல முடியை இன்னொரு கையால இறுக்கிப் பிடிச்சுக்கணும், அப்போ இழுவை வேருக்குப் போகாது. "ஈரத் தலையை வாராதே"ன்னு அம்மாச்சி சொல்றது நேர் முடிக்குச் சரி. ஈரமான முடி பலவீனம்தான். ஆனா சுருட்டை முடியில ஈரமும் கண்டிஷனரும் இருக்கும்போது சீப்புக்குத் தேவைப்படுற பலமே குறைஞ்சுடுது, அதனால உடையறதும் குறையும்.

இந்த இடத்துல ஒரு கொத்து முடி கையோட வரும், பயந்துடாதீங்க. ஒரு நாளைக்கு 50-லிருந்து 100 முடி உதிர்றது எல்லாருக்கும் சகஜம். நேர் முடியில அது தரையில விழுந்துடும். நமக்கு சுருளுக்குள்ளேயே மாட்டிக்கிட்டு, குளிக்கிற நாள்ல மொத்தமா வரும்.

கண்டிஷனரை அலசிட்டு, பழைய காட்டன் டி-ஷர்ட்டால ஒத்தி எடுத்து, முக்கால்வாசி காய விடணும். சொட்டுற ஈரத்துல பின்னக் கூடாது. நான் அந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன். ஈரத்துல நீண்டு நிக்கிற சுருள் காயக் காயச் சுருங்கும்போது சடையே வேரை இழுக்கும், ராத்திரி முழுக்கத் தலைவலி. அதோட சென்னை நவம்பர் மாசத்துல உள்பக்கம் காயாம ஒரு வாடை வரும் பாருங்க... சரி, விடுங்க.

பின்றதுல ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம், முதல் மூணு பின்னல். எல்லாரும் அங்கதான் இறுக்குவாங்க. நான் அங்க தளர்த்தி, கழுத்துக்குக் கீழ வந்ததும் இறுக்குறேன். சுருட்டை முடிக்கு உரசல் அதிகம், அதனால மேல தளர்வா இருந்தாலும் நழுவாது. ஓரத்துல நிக்கிற குட்டி முடிகளை உள்ள இழுத்துச் சேர்க்கவே மாட்டேன், அது பாட்டுக்கு நிக்கட்டும்.

இதைப் பெருசா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இழுவையால முடி போறதுக்கு டிராக்‌ஷன் அலோபீஷியான்னு பேர். இது 1907-லேயே பதிவானது, அதுவும் கிரீன்லாந்துல, முடியை உச்சியில இறுக்கிக் கட்டுற பெண்கள்கிட்ட. குளிர், வெயில், எந்த இனம்னு இதுக்குக் கணக்கே கிடையாது. இழுத்தா போகும். ஆரம்பத்துல நிறுத்தினா திரும்ப வளரும், வருஷக்கணக்கா இழுத்தா வேர்ப்பை தழும்பாகிடும், அப்புறம் வளராது. சடை போட்டு வலிச்சாலோ, நெற்றி ஓரத்துல சின்னச் சின்னப் பருவா எழும்பினாலோ அன்னைக்கே அவிழ்த்துடுங்க. எனக்கு இடது பக்கம் திரும்ப வந்திருக்கு. வலது பக்கம் பாதிதான்.

இந்த விஷயத்துல நல்ல வீடியோ தேடினா, பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் போட்டதுதான் கிடைக்கும். அவங்களுக்கு இது அழகுக் குறிப்பு மட்டும் இல்லை. இயற்கையான முடி, பின்னல் காரணமா வேலையிலயும் ஸ்கூல்லயும் பாகுபாடு காட்டக் கூடாதுன்னு கலிஃபோர்னியா 2019-ல தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆனா அப்படியே காப்பி அடிக்காதீங்க. முடியை 1-லிருந்து 4 வரைக்கும் பிரிக்கிற ஆண்ட்ரே வாக்கர் கணக்குப்படி நம்மில் பலருடைய சுருட்டை 2-க்கும் 3-க்கும் நடுவுல வரும். 4-க்கு வாரக்கணக்கா நிக்கிற மண்டையோட ஒட்டின பின்னல், நமக்கு ரெண்டு மூணு நாள்ல தளர்ந்துடும். தளர்ந்தா அவிழ்த்துட்டு மறுபடி போட்டுக்கலாம், இறுக்கிச் சரிபண்ணாதீங்க.

நுனி மட்டும் மெலிஞ்சு, பிசிறாத்தான் வரும். சவுரியோட உண்மையான வேலையே அங்கதான். அந்தக் காலத்துல வாரும்போது உதிர்ற சொந்த முடியையே சேர்த்து வச்சுச் சவுரி கட்டினாங்க. அம்மாச்சி இன்னைக்கும் ஒரு உருண்டை சுத்தி ஜன்னல் கம்பி இடுக்குல செருகி வச்சிருக்கு. இப்போ கடையில கிடைக்கிறது நைலான். வேடிக்கை என்னன்னா, திருப்பதியில நம்ம ஜனங்க இறக்குற முடி ஏலம் போய், வெளிநாட்டுல விலை உயர்ந்த எக்ஸ்டென்ஷனா ஆகுது.

நான் நுனியை விரல்ல சுத்திச் சுருளா விட்டுட்டு, துணி பேண்ட் போட்டு, லேசான நூல் குஞ்சலம் கட்டினேன். பூவும் பாரம்தான், அதனால ரெண்டு முழம் மல்லி போதும்னு வச்சு, உச்சியில மாட்டாம பின்னலோட நடுவுல ஊசி குத்தினேன். மண்டபத்துல பெரியம்மா வந்து சடையைக் கையில தூக்கிப் பார்த்து, "எந்தக் கடை சவுரிடி?"ன்னாங்க.

"என்னோடதுதான் பெரியம்மா."

நம்பலை. நுனியை இழுத்துப் பார்த்தாங்க. "மெதுவா!"ன்னு கத்தினேன்.

சரி மக்களே, அடுத்த வாரம் பார்க்கலாம்.