டயாலிசிஸ்: முடிவெடுக்கத் துணை நிற்கும் தாதி

“டயாலிசிஸுக்குத் தயாராக வேண்டும்” என்று மருத்துவர் சொன்னதும், அதற்குப் பிறகு அவர் பேசுவது பலரது காதில் விழுவதில்லை. “நன்றாகத்தானே நடமாடுகிறேன், பிறகு பார்க்கலாம்” என்று வீடு திரும்புகிறார்கள். அப்படித் தள்ளிப்போட்டவர்களில் சிலர் மூச்சுத்திணறலுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும்போது, கழுத்தில் குழாய் செருகி உடனே சிகிச்சையைத் தொடங்க நேரிடுகிறது. யோசிக்க அவகாசம் இருப்பதில்லை.

அந்த நிலை வராமல் தடுக்க உதவுபவர், சிங்கப்பூர் பொது மருத்துவமனைகளில் சிறுநீரக ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரியும் தாதி. சிறுநீரகம் அறவே செயலிழக்கும் முன்பே நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் அவர் பேசுகிறார்.

ரத்தவழி டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் நிலையத்தில் இருக்கவேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸை வீட்டிலேயே செய்யலாம். பகலில் சுமார் 4 முறை திரவத்தை மாற்றலாம் அல்லது இரவில் தூங்கும்போது இயந்திரம் அதைச் செய்யும். தகுதியுள்ளவர்களுக்கு மாற்றுச் சிறுநீரகச் சிகிச்சை உண்டு. முதுமையும் வேறு கடும் நோய்களும் உள்ள சிலர், டயாலிசிஸ் இன்றி உபாதைகளைத் தணிக்கும் பராமரிப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

“இதில் எது நல்லது?” என்று கேட்டால், தாதியிடமிருந்து கேள்விகளே திரும்பி வரும். எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள்? திரவப் பெட்டிகளை அடுக்க வீட்டில் இடமுண்டா? பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது யார்?

நம் குடும்பங்களில் இக்கேள்விகளுக்குப் பெரும்பாலும் பிள்ளைகளே பதில் சொல்கிறார்கள். அப்பா மௌனமாக இருப்பார். அந்த மௌனம் சம்மதம் ஆகாது. ஊசி பயமாக இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற கவலையாக இருக்கலாம். “ஐயா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று தாதி அவரிடமே கேட்கும்போதுதான் மனத்தில் உள்ளது வெளிவரும். செலவுதான் கவலை என்றால், மெடிஷீல்டு லைஃப், மெடிசேவ், தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் உதவி பற்றி மருத்துவச் சமூக ஊழியரிடம் பேச வழியுண்டு.

முன்கூட்டியே முடிவெடுப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ரத்தவழி டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை சிகிச்சை செய்தால், அந்த இணைப்பு பயன்படத் தயாராகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். அந்தக் கையில் ரத்தம் எடுக்க விடாமல் எப்போதும் பாதுகாப்பது நல்லது.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது, கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். முதல் கேள்வியை நோயாளியே கேட்கட்டும்.