பூட்டி வைத்தால் தீருமா?

டெல்லி பேருந்துப் பாலியல் வன்கொடுமை நடந்தது 2012 டிசம்பர் 16 அன்று. நான்கே நாள் கழித்து, தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பள்ளிக்குப் போக ரயில் நிலையத்துக்கு நடந்த 13 வயது மாணவி கொல்லப்பட்டார். டெல்லிச் சம்பவத்தின் பேரில் நீதிபதி வர்மா குழு அமைந்தது, 2013இல் குற்றவியல் சட்டமே திருத்தப்பட்டது. இப்படி ஒன்று நம் பக்கத்தில் நடந்தால் வீடுகளில் முதலில் எழுவது சட்டத்தைப் பற்றிய கேள்வியல்ல. ‘பிள்ளையை இனி அனுப்பணுமா?’ என்பதுதான்.

அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு, பிள்ளையை வீட்டில் நிறுத்துவது, தவறு. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடந்தோறும் சொல்கிறது. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். நம் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்யும் அம்மாக்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பள்ளியை நிறுத்திய பெண்பிள்ளை அதற்குப் பிறகு பகல் முழுக்க யார் கண்ணில் இருப்பாள்? தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. பெண்ணை முத்தாகப் பாவித்துப் பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

வீட்டில் சொல்ல முடியாததைப் பிள்ளை சொல்ல மிஞ்சும் இடம் பெரும்பாலும் பள்ளிதான். ஆசிரியரே அத்துமீறிய வழக்குகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன, அதனால்தான் பள்ளி ஊழியர் செய்யும் குற்றத்துக்கு, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் கூடுதல் தண்டனை வைத்திருக்கிறது. ஆசிரியரை நம்ப முடியாத பிள்ளைக்கு ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டியும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உண்டு. பெட்டி பள்ளியில் இருக்கிறது. எண்ணைச் சொல்லிக்கொடுப்பதும் பள்ளிதான். வழியில் ஆபத்து என்றால் வழியைத்தான் சரிசெய்ய வேண்டும்: பள்ளி நேரத்துக்குப் பேருந்து, நிலையம் வரை விளக்கு, சேர்ந்து நடக்க நாலு பிள்ளைகள். இதற்கெல்லாம் செலவாகும்தான். படிப்பை நிறுத்துவதற்குச் செலவில்லை என்று யார் சொன்னது?

இன்னொன்று, ஊர்க் கமிட்டி. வலைச் சண்டை, படகுச் சண்டை, பாகத் தகராறு எல்லாவற்றையும் பேசி முடிக்கும் கடலோரத்து வழக்கத்துக்கு அதற்கான மதிப்பு உண்டு. பிள்ளை மீதான குற்றத்துக்கு அது பொருந்தாது. 2012 நவம்பர் 14 முதல் அமலில் உள்ள போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால், பேசி முடித்த பெரியவருக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு.