எந்தத் தொடக்கத்தைக் கேட்கிறார்கள்?

நம் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி விண்ணப்பங்கள் இப்போது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. சென்ற ஆண்டு உதவி பெற்ற மாணவி ஒருவர் தம் நன்றிக் கடிதத்தை 'அட் ஃபர்ஸ்ட் ஐ தேங்க் யுவர் டிரஸ்ட்' என்று தொடங்கியிருந்தார். முதலில் உங்களுக்கு நன்றி என்பதுதான் அந்தப் பிள்ளையின் எண்ணம். ஆனால் 'அட் ஃபர்ஸ்ட்' என்றால், ஆரம்பத்தில் அப்படி இருந்தது, பிறகு மாறிவிட்டது என்று பொருள் வரும். வரிசையில் முதலாவது என்று சொல்ல வெறும் 'ஃபர்ஸ்ட்' போதும்.

கடிதத்தில் இது சிரித்துவிட்டு மறந்துவிடக்கூடிய பிழை. படிவங்களிலும் பத்திரங்களிலும் அப்படி விட்டுவிட முடியாது. தமிழில் தொடக்கம், துவக்கம், ஆரம்பம் என்று எதைப் போட்டாலும் பெரும்பாலும் பொருந்திவிடும். ஆங்கிலத்தில் தொடக்கத்துக்கு உள்ள சொற்கள் சில இடங்களில் வெவ்வேறு நாளையே குறிக்கும்.

அன்றாடப் பேச்சில் வருபவை 'பிகின்', 'ஸ்டார்ட்' இரண்டும். வகுப்பு தொடங்குவதற்கு எதைச் சொன்னாலும் சரி. ஆனால் வண்டியை 'ஸ்டார்ட்' செய்யலாம், 'பிகின்' செய்ய முடியாது. கடை வைப்பதும் ஊருக்குப் புறப்படுவதும் 'ஸ்டார்ட்'தான். பழைய ஆங்கிலத்தில் துள்ளி எழுவதைக் குறித்த சொல் அது. திடுக்கிட வைப்பதைச் சொல்லும் 'ஸ்டார்ட்டில்' அதன் உறவுக்காரர். சும்மா இருந்தது அசையத் தொடங்குகிறது என்ற வாடை இன்னும் அதில் இருக்கிறது. 'பிகின்' எழுதும் பிள்ளைகள் 'ஹேவ்' வந்தால் 'பிகேன்' போடாமல் 'பிகன்' போட வேண்டும். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள்.

'கமென்ஸ்' வேறு வகை. 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நெடுங்காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. அந்த வழியில் வந்த சொல் இது. சாப்பிடத் தொடங்கினேன் என்பதற்கு 'கமென்ஸ்' போட்டால் வெள்ளைக்காரர் சிரிப்பார். சட்டத்தில் போட்டால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். நம் நாட்டின் 1897ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டமே, 'கமென்ஸ்மென்ட்' என்றால் ஒரு சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் என்று வரையறுத்திருக்கிறது. அது எழுதப்பட்ட நாளோ நிறைவேற்றப்பட்ட நாளோ அல்ல.

இதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் அரசியல் சட்டம். 1949 நவம்பர் 26 அன்று அதை ஏற்றுக்கொண்டார்கள். குடியுரிமை, தேர்தல் ஆணையம் பற்றியவை உள்ளிட்ட சில பிரிவுகள் அன்றே நடைமுறைக்கும் வந்துவிட்டன. என்றாலும் 394ஆம் பிரிவு 1950 ஜனவரி 26ஐத்தான் 'கமென்ஸ்மென்ட்' என்கிறது. 343ஆம் பிரிவு, அந்தக் 'கமென்ஸ்மென்ட்' முதல் 15 ஆண்டுகளுக்கு மத்திய அரசு அலுவல்களில் ஆங்கிலம் தொடரும் என்றது. அந்தக் கெடு முடிந்த நாள் 1965 ஜனவரி 26. அந்த நாளையொட்டித் தமிழக மாணவர்கள் தெருவில் இறங்கியது நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணியிருந்தால் கெடு இரண்டு மாதம் முன்பே முடிந்திருக்கும்.

நம் குடும்பங்களில் பணத்தைத் தொடும் இடம் மருத்துவக் காப்பீடு. ஏற்கெனவே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தைப் பாலிசியின் 'இன்செப்ஷன்' அல்லது 'கமென்ஸ்மென்ட்' நாளிலிருந்து எண்ணுவார்கள். அட்டை வீட்டுக்கு வந்த நாள் கணக்கில்லை. இடைவெளி விடாமல் புதுப்பித்து வந்தால் முதல் பாலிசியின் நாள்தான் கணக்கு. ஒரு மாதம் விட்டுவிட்டுப் புதிதாக எடுப்பவர்கள் இழப்பது அதைத்தான்.

மருத்துவமனைத் தாளில் 'ஆன்செட்' என்றிருக்கும். முன்பு படை பாய்வதைக் குறித்த சொல். இப்போது நோயின் அறிகுறி முதலில் தெரிந்த காலம். நோய் இன்னதென்று மருத்துவர் கண்டறிந்த நாள் 'டயக்னோசிஸ்'. இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கலாம். நம்மிடம் உதவி கேட்டு வந்த ஒரு சகோதரரின் வாப்பாவை அவசரமாகச் சேர்த்தபோது, எப்போது ஸ்டார்ட் ஆனது என்று கேட்டார்கள். வாப்பாவுக்கு அடிக்கடி களைப்பு வந்ததை நினைத்து, பத்து வருஷம் இருக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். பத்து வருடச் சர்க்கரை என்று தாளில் ஏறிவிட்டது. பாலிசி எடுத்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. நோயை மறைத்ததாகச் சொல்லிக் காப்பீட்டுத் தொகையை மறுத்தார்கள். கண்டறிந்த ஆண்டைக் குறித்து மருத்துவரிடம் கடிதம் வாங்கி, பழைய சோதனைச் சீட்டுகளைத் தேடி எடுத்து அனுப்பி, தீர்வதற்கு ஏழு மாதம் ஆனது. சேர்க்கும்போதே 'கண்டுபிடித்தது எப்போது' என்பதையும் 'அறிகுறி எப்போது' என்பதையும் தனித்தனியாகச் சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'கமென்ஸ்மென்ட்' என்றால் பட்டமளிப்பு விழா. படிப்பு முடிகிற நாளுக்குத் தொடக்கம் என்று பெயர். வகுப்பு தொடங்கும் நாள் என்று எண்ணி டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

'இனாகுரேஷன்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். பறவைகளைப் பார்த்துச் சகுனம் சொன்ன ரோமானிய குருமாரின் பெயரிலிருந்து வந்தது அது. சகுனம் பார்க்கக்கூடாது என்று மேடையில் பேசுகிற நாம் ஒவ்வொரு திறப்பு விழா அழைப்பிதழிலும் அதைத்தான் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறோம். இன்று அதன் பொருள் திறப்பு விழா மட்டும்தான், குற்றமில்லை. சிறிய கடைக்கு 'ஓப்பனிங்' போதும்.

நம் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். நம் உதவித்தொகைப் படிவத்தில் 'கமென்ஸ்மென்ட் ஆஃப் கோர்ஸ்' என்று ஒரு கட்டம் இருந்தது. சிலர் சேர்க்கை நாளை எழுதினார்கள், சிலர் பணம் கட்டிய நாளை, சிலர் வகுப்பு தொடங்கிய நாளை. இந்த ஆண்டுப் படிவத்தில் அதை எடுத்துவிட்டு, 'சேர்க்கை பெற்ற நாள்', 'முதல் வகுப்பு நடந்த நாள்' என்று தமிழிலேயே இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறோம். பழைய படிவம் கைவசம் வைத்திருப்பவர்கள் அலுவலகத்தில் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளவும்.