தமிழ் வகுப்பறைக்குத் தொலைக்காட்சிப் பெட்டி தேர்தல்: ஒலி, எழுத்து, ஒளி

முன்னுரை

தொலைக்காட்சிப் பெட்டி வாங்கச் செல்வோர் முதலில் காண்பது திரையின் ஒளியையே. கடைகளில் பெட்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு, ஒலி அடக்கப்பட்டு, கண்ணைப் பறிக்கும் வண்ணக் காட்சிகள் ஓடவிடப்பட்டிருக்கும். பவளப்பாறை, கிளிக்கூட்டம், நகரத்தின் இரவு விளக்குகள் ஆகியவையே அங்குப் பெரும்பாலும் காட்டப்படுவன. மனிதர் பேசும் காட்சி அரிது. தமிழ் பேசும் காட்சி அதனினும் அரிது. ஆனால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் மாணவர் பலர், பெற்றோரும் ஆசிரியரும் பேசுவதற்கு அடுத்தபடியாகச் செவிமடுக்கும் தமிழ் திரைவழி வருவதே என்பதை வகுப்பறை அனுபவம் உடையோர் அறிவர். எனவே பெட்டியைத் தேர்தல் என்பது மொழிக் கற்பித்தலோடும் தொடர்புடைய ஒன்றாகின்றது. அந்நோக்கிலேயே இக்கட்டுரை அமைகின்றது.

இதனை எழுதத் தூண்டியது எங்கள் துறையில் நேர்ந்த ஒரு பிழை. காட்சியறையிலிருந்த பழைய பெட்டிக்கு மாற்றாக 55 அங்குலப் பெட்டி ஒன்றினை வாங்கினோம். படம் குறைசொல்ல முடியாதவாறு இருந்தது. பின்னர் அப்பெட்டியின்வழிச் சொல்வதெழுதுதல் பயிற்சி நடத்தியபோது, பின்வரிசை மாணவர் பலர் ‘வாழை’ என்பதை ‘வாளை’ என்றும், ‘அரம்’ என்பதை ‘அறம்’ என்றும் எழுதினர். மாணவரின் அறியாமை என்றே முதலில் கருதினோம். மற்றொரு நாள் அதே பதிவினைத் தனி ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தபோது பிழைகள் குறைந்தன. ஒருமுறை நடத்திய பயிற்சியை ஆய்வு முடிவாகக் கூற நாங்கள் முன்வரவில்லை. பேச்சு வழக்கில் ழகரமும் ளகரமும் மயங்குவதும் நாம் அறிந்ததே. எனினும், பெட்டியின் ஒலியை ஒருமுறைகூடக் கேட்டுப் பாராமல் வாங்கிவிட்டோம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஒலி

ல, ள, ழ ஆகியவற்றைச் செவி எங்ஙனம் பிரித்தறிகின்றது? குரல்வளையில் எழும் ஒலி வாய்க்குள் நாவின் நிலைக்கேற்பச் சில அதிர்வெண்களில் வலுப்பெறுகின்றது. ஒலியியலார் இவற்றை ஒத்ததிர்வு வரிசைகளாக எண்ணுவர். நாவினை வளைத்து ஒலிக்கும் எழுத்துகளில் மூன்றாம் ஒத்ததிர்வு கீழிறங்கும். ழகரத்தில் இவ்விறக்கம் தெளிவாகத் தெரியும். 1999ஆம் ஆண்டில் நாராயணன், பெர்ட், கான் ஆகிய மூவர் ல, ள, ழ, ர, ற ஆகிய ஐந்தினையும் காந்த அதிர்வுப் படப்பிடிப்பின் துணையுடன் ஆராய்ந்து, நாவின் வடிவத்தையும் ஒலியின் இயல்பையும் இணைத்து விளக்கினர். நமக்கு வேண்டிய செய்தி இதுவே: இவ்வேறுபாட்டைச் சுமந்துவருவது ஏறத்தாழ 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. அப்பகுதி மங்கினால் சொல் கேட்கும், எழுத்து கேட்காது.

இன்றைய மெல்லிய பெட்டிகளின் குறை இங்குதான் உள்ளது. பழைய கனத்த பெட்டிகள் பலவற்றில் ஒலிபெருக்கி திரையின் பக்கத்தில், பார்ப்போரை நோக்கி இருந்தது. இப்பொழுது சட்டகத்தில் இடமில்லாமையால் அது பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்சுவரை நோக்கியோ பொருத்தப்படுகின்றது. தாழ்ந்த அதிர்வெண் ஒலி எத்திசையிலும் பரவும். உயர்ந்த அதிர்வெண் ஒலி நேர்க்கோட்டில் செல்லும் இயல்பினது. ஆகவே மெய்யெழுத்துகளின் நுட்பம் மேசையிலும் சுவரிலும் பட்டுச் சிதறிய பின்னரே பின்வரிசையை அடைகின்றது. இதனோடு திரையரங்க விளைவு எனும் பெயரில் செயற்கை எதிரொலியும் சேருமாயின் பேச்சு மேலும் குழம்பும். அமைப்புப் பட்டியலில் அதனை நீக்கிவிட்டு, செய்தி அல்லது தெளிவான குரல் எனும் தெரிவினை இடுதல் நன்று.

எங்கள் கருத்தில், பெட்டிக்கென ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கினை முன்னோக்கி ஒலிக்கும் தனி ஒலிபெருக்கிக்கு எடுத்துவைப்பதே அறிவுடைமை. திரையில் ஐந்து அங்குலம் குறைந்தாலும் தாழ்வில்லை. ஆனால் அதனைப் புளூடூத் வழி இணைத்தல் ஆகாது; ஒலி பிந்தும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று, ஒலி படத்தை 45 மில்லிவிநாடி முந்தினாலோ 125 மில்லிவிநாடி பிந்தினாலோ பார்ப்போர் அதனை உணர்வர் எனக் குறிப்பிடுகின்றது. ஒலிப்புப் பயிற்சியில் மாணவர் பேசுவோரின் வாயசைவையும் நோக்குகின்றனர் அல்லவா? எனவே கம்பிவழி இணைப்பே தக்கது. எச்டிஎம்ஐ துளைகளுள் ஒன்றில் ஏஆர்சி எனும் குறி உள்ளதா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

மொழியும் எழுத்தும்

மொழித் தெரிவு எனக் கடைக்காரர் கூறும்போது அஃது எதனைக் குறிக்கின்றது எனக் கேட்டல் வேண்டும். பட்டியலின் மொழி, ஒலியின் மொழி, வசனவரியின் மொழி ஆகிய மூன்றும் வெவ்வேறு. பட்டியல் தமிழில் தோன்றுவது நமக்கு மகிழ்ச்சி அளிக்கும். ஆயினும் அதனால் கற்பித்தலுக்கு விளையும் பயன் சிறிது.

ஒலியைப் பொறுத்தவரை, அனலாக் காலத்தில் நைக்காம் முறை ஒரே நிகழ்ச்சிக்கு இரு மொழி ஒலிகளை அனுப்ப வழிசெய்தது. அனலாக் ஒளிபரப்பு சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், மலேசியாவில் அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளிலும் முடிவுற்றது. இரு நாடுகளிலும் இப்பொழுது டிவிபி-டி2 எனும் எண்மமுறை வழக்கில் உள்ளது. வெளிநாட்டிலிருந்து கொணரும் பெட்டியிலோ பழைய பெட்டியிலோ இம்முறையை ஏற்கும் வாங்கி இல்லையெனில் தனிப்பெட்டி ஒன்றினை இணைக்க நேரிடும். எண்மமுறையில் ஒவ்வோர் ஒலித்தடத்துக்கும் மூன்றெழுத்து மொழிக்குறி உண்டு. தமிழுக்குரியது ‘டிஏஎம்’ எனும் மூன்று ஆங்கில எழுத்துகளாலானது. பெட்டியின் முதன்மை மொழிப் பட்டியலில் தமிழ் இருப்பின், ஒளிபரப்பாளர் அக்குறியை முறையாக இட்டிருக்கும்போது தமிழ் ஒலி தானே தெரிவாகும். இல்லையெனில் ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற வேண்டும். இக்குறை பொறுக்கத்தக்கதே.

பொறுக்க இயலாதது எழுத்துச் சிதைவு. ஒளிபரப்பில் வரும் வசனவரி பெரும்பாலும் படத்தோடு பதிந்தே வரும், அல்லது டிவிபி முறைப்படி தனிப் படமாக வரும். இரண்டிலும் எழுத்தை உருவாக்குவது ஒளிபரப்பு நிலையம். பெட்டி அதனைக் காட்டுவதோடு சரி. ஆனால் ஆசிரியர் தாமே தட்டச்சு செய்த வசனவரிக் கோப்பினை விரலியில் இட்டுப் பெட்டியில் செருகும்போது, எழுத்தை அமைக்கும் பொறுப்பு பெட்டியின் மென்பொருளைச் சார்கின்றது. யூனிகோடு குறியேற்றத்தில் மெய் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன. கொம்பினை மெய்க்கு முன்னே கொணர்வதும், ஒகர ஓகாரக் குறிகளை இருபுறமும் பிரித்து நிறுத்துவதும், உகர ஊகார வரிசையில் எழுத்தின் வடிவையே மாற்றுவதும் திரையிடும் மென்பொருளின் கடமை. அவ்வாற்றல் இல்லாத பெட்டியில் கொம்பு இடம் மாறி நிற்கும். சில பெட்டிகளில் எழுத்துக்கு மாற்றாக வெறுங்கட்டங்களே தோன்றும். எழுத்து கற்கும் சிறார் முன் அதனைக் காட்டுதல் தகுமா?

இதனைக் கடையிலேயே சோதிக்கலாம். கொக்கு, கோழி, கைத்தொழில், நூறு, பௌர்ணமி, ஸ்ரீ ஆகிய சொற்கள் அமைந்த வசனவரிக் கோப்பு ஒன்றினை யூடிஎப்-8 வடிவில் சேமித்து, ஒரு காணொளியோடு விரலியில் எடுத்துச் செல்லுதல் போதும். டிஸ்கி முதலிய பழைய குறியேற்றத்தில் உள்ள கோப்புகள் எப்பெட்டியிலும் சிதைந்தே தோன்றும். அக்குற்றத்தைப் பெட்டியின்மேல் சுமத்தலாகாது. விரலியில் தேறிய பெட்டி, அதிலுள்ள இணையச் செயலிகளிலும் தேறும் என்பதற்கும் உறுதியில்லை. செயலிகள் தத்தம் எழுத்தமைப்பு முறையைப் பயன்படுத்துவதால் அவற்றைத் தனியே திறந்து பார்த்தல் வேண்டும்.

ஒளி

படத்தைப் பற்றி விளம்பரங்கள் கூறுவன மிகுதி. நாம் கூற வேண்டுவன சில. 55 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 68 செண்டிமீட்டர். அதில் 1080 வரிகள் இருப்பின் ஒரு புள்ளியின் அளவு 0.63 மில்லிமீட்டர். இயல்பான கண் அதனைத் தனியே காணும் எல்லை ஏறத்தாழ 2.2 மீட்டர். அதற்கும் அப்பால் அமர்வோருக்கு 4கே நுட்பம் தரும் கூடுதல் புள்ளிகள் புலப்படா. வகுப்பறையில் முதல் வரிசையைத் தவிர ஏனையோர் அவ்வெல்லைக்கு வெளியே இருப்பர். இக்காலத்தில் பெரும்பாலான பெட்டிகள் 4கே நுட்பத்துடன் வருவதால் அதனை விலக்க வேண்டியதில்லை. அதற்கெனக் கூடுதல் பணம் கொடுக்கவும் வேண்டியதில்லை.

வகுப்பறைக்கு இன்றியமையாதது பக்கப் பார்வை. எல்சிடி வகையுள் விஏ எனப்படும் தகடு நேரே பார்ப்போருக்கு ஆழ்ந்த கருமை தரும். பக்கத்தில் அமர்வோருக்கு வெளிறும். ஐபிஎஸ் வகை பக்கத்தோருக்கும் ஓரளவு ஒத்த காட்சியைத் தரும். ஓஎல்இடி இரண்டினும் சிறந்தது. ஆனால் அலைவரிசைச் சின்னம் போன்ற அசையா உருவம் நெடுநேரம் நிற்பின் அதில் தழும்பு விழக்கூடும்.

பழைய தமிழ்ப் படங்களைக் கற்பிப்போர் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். ‘பராசக்தி’ (1952) போன்ற படங்கள் ஏறத்தாழ 4:3 விகிதத்தில் எடுக்கப்பட்டவை. பெட்டி தானே அதனை 16:9 திரைக்கு இழுத்து விரித்தால் முகங்கள் பருத்துத் தோன்றும்; பெரிதாக்கி நிரப்பினால் தலையும் கீழ்வரியும் வெட்டுண்ணும். மூல விகிதத்தைக் காக்கும் தெரிவு இருத்தல் வேண்டும். அசைவை மென்மையாக்கும் தெரிவினையும் நீக்கிவிடலாம். விநாடிக்கு 24 சட்டங்களில் எடுத்த படத்தை அது நாடக ஒளிப்பதிவு போலாக்கிவிடுகின்றது.

எங்கள் பெட்டியை நாங்கள் மாற்றவில்லை. தனி ஒலிபெருக்கி ஒன்றினைப் பின்னர் வாங்கி இணைத்தோம். காட்சியறையைப் பலர் பயன்படுத்துவதால் அமைப்புகள் வாரந்தோறும் மாறிவிடுகின்றன. ஆதலால் உரிய தெரிவுகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பின்புறத்தில் ஒட்டிவைத்துள்ளோம்.