நடையும் பேச்சும்

பேனாக்கத்தி ஒன்றைக் கையில் கொடுத்தால் பெரும்பாலோர் உடனே அலகை விரித்துக் கட்டைவிரலால் கூர் பார்ப்பார்கள். சேகரிப்பவர் அதை விரிக்கவே மாட்டார். மடங்கியபடியே சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கத்தியின் முதுகைப் பார்ப்பார். கூர் இல்லையென்றால் தீட்டிக்கொள்ளலாம். முதுகில் குறை இருந்தால் அது கத்தி உள்ளவரை இருக்கும்.

வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இரண்டு ஆண்டுகள் இருந்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை ஒன்றில், கருங்காலிப் பிடியின் பளபளப்பில் மயங்கி என் முதல் கத்தியை வாங்கினேன். பக்கத்தில் நின்ற முதியவர் கையை நீட்டினார். கொடுத்தேன். வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். நானும் அப்படியே பிடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங்குக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே மயிரிழை போல ஒரு வெளிச்சக் கோடு ஓடியது.

இந்தப் பழைய வகை மடக்குக் கத்தியில் பூட்டு கிடையாது. முதுகு நெடுக ஓடும் எஃகு ஸ்பிரிங் ஒன்று அலகின் அடிப்பாகத்தை அழுத்திப் பிடித்திருக்கும். விரித்தாலும் மடக்கினாலும் அலகை நிறுத்துவது அந்த அழுத்தம்தான். ஸ்பிரிங்கின் இரு பக்கமும் பித்தளை அல்லது நிக்கல் சில்வர் உள்தகடுகள். அவற்றின் மேல் எலும்போ கொம்போ மரமோ பிடியாக அமையும். பிடியின் முனையில், உலக்கைக்குப் பூண் போட்ட மாதிரி, உலோகப் பூண். இத்தனையையும் சேர்த்து ஆணி அடித்து, ஆணித்தலை தெரியாதபடி தேய்த்துவிடுவார்கள். அதன் பிறகு சேதமில்லாமல் பிரிக்க முடியாது. அதனால் திருத்தவேண்டியதை எல்லாம் ஆணி அடிக்கும் முன்பே திருத்தியாக வேண்டும்.

ஷெஃபீல்டு கத்தியை 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கதையில் ஒரு பாத்திரத்தின் காலுறையில் செருகி வைத்திருக்கிறார். அங்குள்ள கத்தித் தொழிலாளர் சங்கம் 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. இறகுப் பேனாவைச் சீவத்தான் பேனாக்கத்தி பிறந்தது. பேனா மாறியும் பெயர் நின்றுவிட்டது. நம் ஊரிலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு. ஓலையில் எழுதிய காலத்து மடக்கெழுத்தாணியில் ஒரு பக்கம் எழுதும் ஊசி, மறுபக்கம் ஓலையை வாரும் கத்தி. இரண்டும் மரத்தாலோ தந்தத்தாலோ ஆன பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். இரண்டு நாட்டிலும் எழுதுகிறவன் மடியில்தான் மடக்குக் கத்தி இருந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும்.

இன்னொரு தொடர்பு அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. பழைய ஷெஃபீல்டு கத்திகளில் மிக உயர்வாக மதிக்கப்பட்ட பிடி மான்கொம்பு. அதிலும் இந்தியக் கடமானின் கொம்பு. மற்ற மான்களின் கொம்பில் நடுவே பஞ்சு போன்ற பகுதி அதிகம்; கடமான் கொம்பு இறுகியது, தேய்த்தாலும் மேற்பரப்பின் வரிகள் அழகாக நிற்கும். மான் ஆண்டுதோறும் தானாக உதிர்க்கும் கொம்புதான் என்றாலும், எது உதிர்ந்தது, எது வேட்டையில் வந்தது என்று யார் பிரித்தறிவது? பின்னாளில் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. இங்கே அதை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கொம்புப் பிடியை நான் கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று மட்டும் பார்க்கிறேன். அதுவே சரி.

ஷெஃபீல்டுக்காரர்கள் நல்ல கத்திக்கு நடையும் பேச்சும் வேண்டும் என்பார்கள். விரிக்கும்போது அலகின் அடி ஸ்பிரிங்கின் மேல் கரகரப்பில்லாமல் வழுக்கிப் போவது நடை. கடைசியில் 'டக்' என்று விழுந்து உட்காருவது பேச்சு. தளர்ந்த கத்தி 'டொப்' என்று ஊமையாக விழும். மிகையாக இறுகியது நகத்தைப் பெயர்த்துவிடும். இரண்டுக்கும் நடுவில், நகப்பள்ளத்தில் நகத்தை வைத்து இழுக்கும்போது சற்று முரண்டு பிடித்து, பிறகு இணங்கி வரவேண்டும்.

அடுத்த சோதனைதான் உண்மையில் கடினமானது. கத்தி மூடியிருக்கும்போது முதுகில் விரலை ஓட்டுங்கள். ஸ்பிரிங்கும் இரு தகடுகளும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். முழுக்க விரித்து மறுபடியும் ஓட்டுங்கள். பிறகு பாதி விரித்த நிலையில் ஒரு முறை. சில கத்திகளில் அலகின் அடியைச் சதுரமாக அராவியிருப்பார்கள். அவை செங்கோணத்தில் ஒரு முறை நின்று, பிறகுதான் மேலே போகும். மூன்று நிலையிலும் முதுகு மட்டமாக இருந்தால், செய்தவர் சாதாரண ஆள் இல்லை. ஏனென்றால் அலகைத் தாங்கும் ஆணித்துளையிலிருந்து அந்தச் சதுரத்தின் ஒவ்வொரு முகமும் ஒரே தூரத்தில் இருந்தால்தான் இது நடக்கும். ஒரு முகம் இழையளவு உயர்ந்தாலும் அந்த நிலையில் ஸ்பிரிங் துருத்திக்கொள்ளும். தற்காலிக ஆணியில் மாட்டிப் பார்ப்பது, கழற்றுவது, ஓர் அரத்தேய்ப்பு, மறுபடி மாட்டுவது என்று பல தடவை போகும். நடுநிலையில் கொஞ்சம் துருத்தினால் நான் மன்னித்துவிடுவேன். மூடிய நிலையில் துருத்தினால் மாட்டேன். சட்டைப்பையில் உறுத்தப்போவது அதுதான்.

அலகு இரண்டு தகடுகளுக்கும் நடுவில் விழுகிறதா, விரித்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா, மூடினால் முனை முழுவதும் உள்ளே அடங்குகிறதா, கூர்வாய் ஸ்பிரிங்கில் இடிக்கிறதா என்பதையெல்லாம் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் இரண்டு மூன்று அலகுள்ள கத்தியில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மேலிருந்து பார்த்தால் அலகு லேசாக வளைந்திருக்கும். குறை என்று ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் ஒன்றோடொன்று உரசாமல் குறுகிய இடத்துக்குள் படுக்கட்டும் என்று தொழிலாளி வேண்டுமென்றே தட்டி வளைத்தது அது. எவ்வளவு வளைத்தால் வழிவிடும், எங்கே வளைத்தால் கண்ணுக்குத் தெரியாது என்பது கையில் பழகிய கணக்கு. அப்படியும் மூன்று அலகுக் கத்தியில் சிறு உரசல் இருந்தே தீரும்.

பழைய கத்தியில் அலகின் அடியிலுள்ள முத்திரையைப் படிக்கப் பழகவேண்டும். பல ஷெஃபீல்டு கத்திகளில் அரசரின் எழுத்து இருக்கும். கிரீடத்துக்கு இருபுறமும் வி, ஆர் என்றால் 1837க்கும் 1901க்கும் இடையே விக்டோரியா காலம். டபிள்யூ, ஆர் என்றால் அதற்கு முந்தைய ஏழே ஆண்டுகள், கிடைத்தால் விடாதீர்கள். 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி வரிச்சட்டம், இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று பொறிக்கச் சொன்னது. ஆகவே அமெரிக்கா போன கத்தியில் 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் அது பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. அதே வரிதான் ஷெஃபீல்டின் அமெரிக்க வியாபாரத்தையும் முறித்தது.

முத்திரை மங்கி, அலகின் விளிம்புக் கோடுகள் மழுங்கி, மேற்பரப்பு மட்டும் கண்ணாடியாய் மின்னினால் யாரோ பஃபிங் சக்கரத்தில் கொடுத்துப் புதிதாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நூறாண்டில் வந்த சாம்பல் நிறத்தைப் பத்து நிமிடத்தில் அழித்துவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஆழ்ந்த துருவை எண்ணெய் விட்டுத் தேய்த்து நிறுத்துங்கள், போதும்.

பிடிக்கும் பூணுக்கும் இடையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். புதுக் கத்தியில் நகம் தட்டினால் வாங்கவேண்டாம். பழையதில் கொஞ்சம் பொறுக்கலாம். எலும்பும் மரமும் காலப்போக்கில் சுருங்கும். பழைய செல்லுலாய்டு பிடி மட்டும் ஆபத்து. அது சிதையும்போது அமில ஆவி விடும். நான்கு கத்தியோடு ஒரே பெட்டியில் மூடிவைத்தால் பக்கத்திலிருப்பவற்றையும் அரித்துவிடும். தனியாக, காற்றோட்டமாக வையுங்கள்.

1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்காக ஷெஃபீல்டின் ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 75 அலகும் கருவிகளும் கொண்ட நார்ஃபோக் கத்தியைச் செய்தது. வியக்கலாம், ஆனால் எனக்கு அதில் ஆசை வந்ததில்லை. தொழிலாளி பையில் போட்டுக்கொண்டு போன 'லேம்ப்ஃபுட்' போதும்: நேரான கூர்வாய், ஆட்டுக்குட்டியின் பாதம் போல் முனையில் சரியும் முதுகு, ஒற்றை அலகு. ஒன்றே ஒன்று என்பதால் குறையை மறைக்க இடமே இல்லை.

இந்தக் கைத்தொழிலின் பழைய வரிசையில் வந்தவர் ஸ்டான் ஷா. 1941இல், 14 வயதில், ஜார்ஜ் இபர்சன் பட்டறையில் சேர்ந்தார். 'லிட்டில் மெஸ்டர்' என்று ஷெஃபீல்டு தன் பேச்சுவழக்கில் சொல்லும் தனிப்பட்டறைக்காரராகப் பல பத்தாண்டுகள் வேலை செய்தார். கடைசிக் காலத்தில் அவருடைய பட்டறை கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தில் இருந்தது. அலகு, ஸ்பிரிங், தகடு, பிடி எல்லாவற்றையும் ஒருவரே பொருத்தி முடித்தார். கேட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2017இல் பிரிட்டிஷ் எம்பயர் மெடல் கிடைத்தது. 2021இல், 94 வயதில் இறந்தார். ஷெஃபீல்டில் இன்றும் சில பட்டறைகள் மடக்குக் கத்தி செய்கின்றன. பூட்டில்லாத, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத கூருள்ள மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே பையில் வைத்திருக்க அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதும் அவற்றுக்கு ஒரு துணை.

ஊர் திரும்பும்போது பதினோரு கத்திகளைச் செக்-இன் பெட்டியில் சுருட்டிக் கொண்டுவந்தேன். நம் பருவக் காற்றில் கார்பன் எஃகு ஒரே வாரத்தில் புள்ளி போடும். மாதம் ஒரு முறை எடுத்துத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுகிறேன். சமையல் எண்ணெய் பிசினாகி நடையைக் கெடுக்கும். தோலுறையிலும் வைப்பதில்லை, தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

அந்த முதல் கருங்காலிக் கத்தி இன்னும் இருக்கிறது. கொய்யாப்பழம் நறுக்குவது அதில்தான். புதிதாக ஆசைப்பட்டு என் சேகரிப்பைப் பார்க்க வருகிறவர்கள் கையில் முதலில் அதையே கொடுத்து, சன்னல் பக்கம் போகச் சொல்கிறேன்.