சொல்லிவிட்டு நில்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள். "தம்பி, பாப்பா வந்திருக்கா. வந்ததுலேர்ந்து வாயே திறக்க மாட்டேங்குறா. நீ கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அக்கா மகள் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் லேப்டாப் பை சாமி அலமாரிக்குக் கீழே, ஜிப்கூடத் திறக்காமல் கிடந்தது. போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அது அதிரும்போதெல்லாம் அவள் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. வேலையில் சேர்ந்து 47 நாள்தான் ஆகியிருந்தது.

பெருங்குடியில் வேலை, துரைப்பாக்கத்தில் பி.ஜி. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கான சப்போர்ட் புராஜெக்ட். மூன்று வாரம் பயிற்சி என்று சொல்லிவிட்டு, நான்காம் நாளே டிக்கெட்டுகளை, அதாவது வாடிக்கையாளரின் புகார்களை, அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். மாலை 6 மணிக்கு கேப் வரும். விடியற்காலை 4 மணிக்குத் திரும்ப வேண்டியவள், எட்டு மணிக்குத்தான் அறைக்கு வருவாள். எல்லோரும் இருக்கிற கான்ஃபரன்ஸ் காலில் டீம் லீட் அவள் பெயரைச் சொல்லித் திட்டுவார். கடைசி பத்து நாளும் டிபன் டப்பா கொண்டுபோனபடியே திரும்பியிருக்கிறது.

"நாளைக்குப் போகலை மாமா. போனா எனக்கு ஏதாவது ஆயிடும்போல இருக்கு. ஆனா நோட்டீஸ் பீரியட் முடிக்காம நின்னா கேஸ் போடுவாங்களாம்."

கூட வேலை பார்க்கிறவர்கள் சொன்னதாம். அவளை அந்த நாற்காலியில் கட்டிப் போட்டிருந்தது சம்பளமோ ஆசையோ இல்லை, இந்தப் பயம்தான்.

ஆஃபர் லெட்டரைக் காட்டச் சொன்னேன். ஒன்பது பக்கம். அவள் அதைக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கும் படிக்கவில்லை, அதன் பிறகும் படிக்கவில்லை. ஆறாம் பக்கத்தில் இருந்தது: ப்ரொபேஷன் காலத்தில் 30 நாள் நோட்டீஸ், அல்லது அந்த நாள்களுக்கான அடிப்படைச் சம்பளம். 'அல்லது' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து அவளை வாசிக்கச் சொன்னேன். போவதற்கு வழி அந்தக் கடிதத்திலேயே இருந்தது.

நோட்டீஸ் காலம் முடிக்காமல் நிற்பது ஒப்பந்த மீறல். குற்றம் அல்ல. போலீஸ் வரும் விஷயமும் அல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தை மீறினால் நியாயமான இழப்பீடு கேட்கலாம் என்கிறது; அதுவும் ஒப்பந்தத்தில் எழுதிய தொகைக்கு மேல் போகக்கூடாது. 'இவளைத் திரும்ப வந்து வேலை செய்யச் சொல்லுங்கள்' என்று கேட்டு நிறுவனம் கோர்ட்டுக்குப் போக முடியாது. தனிமனித உழைப்பை உத்தரவு போட்டு வாங்க முடியாது என்பது 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பையே தடை செய்கிறது. லேப்டாப்பைத் திருப்பித் தராவிட்டாலோ, வாடிக்கையாளரின் தரவை எடுத்துக்கொண்டு போனாலோ அது வேறு கதை. அதற்கு வழக்கு வரும், வரவும் வேண்டும்.

பாண்ட் எழுதிக் கொடுத்தவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அங்கேயும் பேச்சு பணத்தைப் பற்றித்தான். ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மூர் மருத்துவமனைகளிலும் தனியார் கல்லூரிகளிலும் இன்னும் இருக்கிறது. கல்விச் சான்றிதழ் சந்தைச் சரக்கல்ல, அதைப் பிடித்து வைக்க உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இத்தனையும் கேட்டுவிட்டு, "அப்போ நாளைலேர்ந்து போனை எடுக்காம இருந்துடவா?" என்றாள் பாப்பா.

கூடாது. பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். நிறுவனம் இரண்டு மூன்று மெயில் அனுப்பிப் பார்க்கும், பதில் வராவிட்டால் பதிவேட்டில் 'அப்ஸ்காண்டிங்' என்று எழுதிவிடும். அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் அந்தச் சொல் வந்து நிற்கும். 47 நாள் வேலையை ரெஸ்யூமேயில் மறைத்தாலும், பி.எஃப். பிடித்திருந்தால் யு.ஏ.என். எண்ணின் கீழ் அது பதிவாகி இருக்கும். உண்மையைச் சொல்லிவிட்டு விலகியவரைவிட, மறைத்துவிட்டு மாட்டிக்கொண்டவருக்குத்தான் வேலை போகிறது.

அன்றிரவே கடிதம் எழுதினோம். முதலில் அவள் எழுதியது முக்கால் பக்கம். மன்னிப்பு மட்டும் ஆறு இடத்தில். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஆறு வரி வைத்தோம்: உடல்நலம் காரணமாக இன்றோடு வேலையிலிருந்து விலகுகிறேன். நோட்டீஸ் காலத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் ஆஃபர் லெட்டரில் உள்ளபடி அடிப்படைச் சம்பளத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளவும். லேப்டாப்பும் அடையாள அட்டையும் நாளை ஒப்படைக்கப்படும். என் கையில் உள்ள டிக்கெட்டுகளின் நிலை இத்துடன் இணைப்பில் உள்ளது. ரிலீவிங் கடிதம் தரவும்.

அந்த இணைப்பை அவள்தான் வேண்டும் என்றாள். பதினொரு டிக்கெட், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. "பக்கத்து சீட்டு பொண்ணு தலையில விழும் மாமா, பாவம்" என்றாள். அந்த அக்கறை இருந்த பிள்ளையைத்தான் அப்படித் திட்டியிருக்கிறார்கள். எச்.ஆருக்கும் மேனேஜருக்கும் மெயில் போனது. சொந்த மெயிலுக்கும் ஒரு பிரதி. ஆபீஸ் மெயிலை மட்டும் நம்பினால், கணக்கை முடக்கியதும் கையில் ஆதாரம் இல்லாமல் போய்விடும்.

திங்கள்கிழமை லேப்டாப்பை நான்தான் எடுத்துப் போனேன். அடிப்பக்கத்தில் இருந்த சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். உள்ளே விடவில்லை; வாசல் செக்யூரிட்டி மேசையில் ஐ.டி. ஆள் வந்து வாங்கினார். சார்ஜர், மவுஸ் உட்பட எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

மூன்றாம் நாள் எச்.ஆரிடமிருந்து பதில் வந்தது, முழுச் சம்பளக் கணக்கில் 30 நாளுக்கு 31,000 ரூபாய் கட்டச் சொல்லி. ஆறாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினோம். தொகை 14,500 ஆனது. வரவேண்டிய சம்பளத்தில் அதைக் கழித்துக்கொண்டார்கள். பேசிக்கா, கிராஸா என்று பார்க்காமலே பணம் கட்டியவர்கள் எத்தனை பேரோ!

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளில் கொடுத்துவிட வேண்டும். 45 நாள் ஆகும் என்று சொல்லும் பழைய பழக்கத்தை இனி ஏற்க வேண்டியதில்லை. பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதியை நிறுவனம் பதியாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. மூலம் நாமே பதிந்துகொள்ளலாம்.

இவ்வளவு பயம் ஏன் என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஜெர்மனியில் ப்ரொபேஷன் காலத்தில் இரண்டு வார நோட்டீஸ், இரு தரப்புக்கும் ஒன்றே. நம்மூர் ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் பணி உறுதியானவருக்கு 90 நாள். அதே சமயம், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று தரும் பாதுகாப்பு ஆறு மாதம் முடித்தவருக்குத்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளையை நிறுவனம் சுலபமாக அனுப்பிவிடலாம். பிள்ளை போக வேண்டுமென்றால் மட்டும் நூறு மிரட்டல். இது நியாயமே இல்லை.

ஒவ்வொரு கஷ்டத்துக்கும் மறுநாளே பேப்பர் போடச் சொல்லவில்லை. முதல் மாதத் திணறல் எந்த வேலையிலும் உண்டு. நோயாளியைக் கவனிக்கும் நர்ஸ், அடுத்தவரிடம் பொறுப்பைக் கொடுக்காமல் பாதியில் போகவும் முடியாது. ஆனால் சோறு இறங்காமல், தூக்கம் இல்லாமல், போன் அதிர்ந்தால் உடம்பு நடுங்கும் நிலைக்கு வந்த பிறகு 30 நாளை எண்ணிக்கொண்டிருப்பது ஆபத்து. 2024 ஜூலையில் புனேயில் 26 வயதுப் பட்டயக் கணக்காளர் ஒருவர், வேலையில் சேர்ந்த நான்கே மாதத்தில் இறந்துபோனார். வேலைச்சுமைதான் மகளைக் கொன்றது என்று அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதத்தை நாடே படித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் முதலில், "ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருடி, ஊர்ல என்ன சொல்லுவாங்க" என்றுதான் சொன்னாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய் ரசம் சாதம் பிசைந்து கொண்டுவந்தாள். பாப்பா இரண்டு வாய் சாப்பிட்டாள்.

அம்மாக்களே, அப்பாக்களே, பிள்ளை பையோடு வாசலில் வந்து நின்றால் முதலில் உள்ளே கூப்பிட்டுச் சோறு போடுங்கள். ஏன் வந்தாய் என்ற கேள்வியை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் பேச முடியாத பிள்ளைகளுக்கு மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.