கைதட்டலோடு சேர்த்துப் பதியுங்கள்

ஜப்பானின் ஃபியூஷன் இசைக்குழு கேசியோபியா 1988ல் உலகச் சுற்றுப்பயணம் போனது. அந்தப் பயணத்தின் மேடைகளில் இருந்து வந்ததுதான் 'வேர்ல்ட் லைவ் 88' ஆல்பம். கிட்டாரில் இஸ்ஸெய் நோரோ, பாஸில் தெட்சுவோ சகுராய், கீபோர்டில் மினோரு முகாயா, டிரம்ஸில் அகிரா ஜிம்போ. 1980 முதல் சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் இந்த நால்வரும். ஒருவர் மூச்சு விட்டால் அடுத்தவருக்குத் தெரியும் என்கிற அளவுக்கு வந்த பிறகு எடுத்த பதிவு இது. வெளிவந்து அதிக காலம் ஆவதற்குள் சகுராயும் ஜிம்போவும் விலகிப் போய் 'ஜிம்சாகு' என்று தனியாக ஆரம்பித்துவிட்டார்கள். கேசியோபியா அதன் பிறகும் வாழ்ந்தது, வாசித்தது. ஆனால் அந்த நால்வரும் ஓரணியாக நின்ற காலம் முடிந்துபோனது. பயணத்தில் யாரோ பதிவுக் கருவியை ஓடவிட்டிருந்ததால் அந்தக் காலத்தின் கடைசிப் பகுதி இன்றும் காதில் கேட்கிறது.

பழைய ஜப்பானிய ஃபியூஷன் மறுபடி மவுசு கண்டிருக்கிற நேரம் இது. இருபது வயதுப் பிள்ளைகள் யூடியூபில் கேசியோபியாவைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அதிகம் பிடித்தது 'மின்ட் ஜாம்ஸ்'. 1982 பிப்ரவரியில் தோக்கியோவில் ஒரு மண்டபத்தில், ரசிகர்களை எதிரே உட்கார வைத்து வாசித்த இசை. பிறகு கைதட்டலைப் பெரும்பாலும் நீக்கி, ஸ்டூடியோவில் செய்தது போலத் துலக்கி வெளியிட்டார்கள். துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம். இருந்தாலும் எனக்கு 'வேர்ல்ட் லைவ்' மாதிரியான பதிவுகளே பெரிதாகத் தெரிகின்றன. கூட்டம் இருக்கிறது என்பது வாசிப்பவனின் விரலுக்குத் தெரியும். அந்த விரலுக்குத் தெரிந்தது கேட்பவனுக்கும் தெரிய வேண்டாமா?

   

இதே கதை தமிழ் விரல்களிலும் நடந்திருக்கிறது. சக்தி குழுவின் முதல் இசைத்தட்டே மேடைப் பதிவு. 1975 ஜூலை 5ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரி. கிட்டாரில் ஜான் மெக்லாக்லின், வயலினில் எல்.சங்கர், தபேலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ஆர்.ராகவன். மொத்தம் மூன்றே உருப்படிகள். கடைசி உருப்படி மட்டும் ஏறக்குறைய அரை மணி நேரம். ஸ்டூடியோவாக இருந்தால் யாராவது கையைக் காட்டி நிறுத்தியிருப்பார்கள். மேடையில் நிறுத்த ஆளில்லை. கடமும் தபேலாவும் கேள்வியும் பதிலுமாக ஏறிக்கொண்டே போகும்போது, அடுத்து என்ன வரப்போகிறது என்று வாசிக்கிறவர்களுக்கே தெரியாது என்பது நமக்குக் கேட்கிறது. அந்தச் சங்கரின் தந்தை லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தவர். விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா 1958ல் சென்னையில் தாளவாத்தியப் பள்ளி தொடங்கியவர். யாழ்ப்பாணத்துப் பாடமும் சென்னைப் பாடமும் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஒரே மாலையில் சந்தித்தன. டேப் ஓடிக்கொண்டிருந்தது.

பிற்பாடு 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் திரும்பி வந்தபோதும் மேடைப் பதிவுகள்தான். மாண்டலின் உ.ஸ்ரீநிவாஸ் அதில் வாசித்ததை இப்போது கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. 2014ல், 45 வயதில் போய்விட்டார். அவர் நினைவாக 'ஸ்ரீநிஸ் ட்ரீம்' என்று ஓர் உருப்படியை 2023ல் வந்த 'திஸ் மொமென்ட்' ஆல்பத்தில் வைத்தார்கள். 2024 பிப்ரவரியில் அந்த ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. அது ஸ்டூடியோ ஆல்பம். நான் சொல்ல வருவது அதே குழுவின் ஐம்பதாம் ஆண்டு உலகச் சுற்றுப்பயணத்தில் பதிவான 'மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்' பற்றி. மெக்லாக்லின், ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், வயலினில் கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிராவில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். 2023ல் ஊர் ஊராக வாசித்ததில் இருந்து தேர்ந்தெடுத்தது. 2024 டிசம்பர் 15ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஜாகிர் மறைந்தார். சக்தியின் மேடையில் அவர் கை எப்படி இருந்தது என்று இனிப் பிறக்கிற பிள்ளை கேட்டால், எடுத்து நீட்ட ஒரு பதிவு இருக்கிறது.

ஸ்டூடியோவே மேல், தப்பைத் திருத்தலாம், சுருதி பிசகினால் மறுபடி எடுக்கலாம் என்பவர்கள் உண்டு. அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் என் கவலை வேறு. இந்த இரு குழுக்களுக்கும் பின்னால் இசைத்தட்டு நிறுவனம் இருந்தது, ஒலிப்பொறியாளர் இருந்தார். இங்கே மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க நடக்கிற இசைக்கு யார் இருக்கிறார்கள்?

நம்மிடம் ஃபியூஷன் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1979ல் டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம் இங்கேதான் 'ஆசியாபீட்' குழுவைத் தொடங்கினார். ஜப்பானில் தங்கி ஷாக்குஹாச்சி மூங்கில் குழலில் தேர்ந்த அமெரிக்கர் ஜான் கைசான் நெப்டியூன் அவரோடு வாசித்தார். ஜப்பானியக் குழலும் ஆசியத் தாளங்களும் மலேசியர் ஒருவரின் கையில் சேர்ந்தன. அதை இசைத்தட்டாகவும் வெளியிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச முடிகிறது. பதிவாகாமல் போயிருந்தால் இந்தப் பத்தியே இருந்திருக்காது.

இப்போது கோயிலுக்கு வருவோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஸ்ரீ கந்தசுவாமி கோயில், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள் எழுப்பிய கோயில். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குத் தவில் என்றால் உயிர். தவில் மேதை தட்சிணாமூர்த்தியை நேரில் கேட்டவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். அவர் 1975ல் மறைந்தார். அவர் அடியை நாம் கேட்பது பெரும்பாலும் கச்சேரிகளில் எடுத்த ஒலிநாடாக்கள் வழியாகத்தான். மதுரை மணி அய்யரும் அப்படியே. 1968ல் போனவர் இன்றைக்கும் வீட்டுக்குள் பாடுகிறார் என்றால், முன்வரிசையில் டேப் ரிக்கார்டரோடு உட்கார்ந்த ரசிகர்களைத்தான் கும்பிட வேண்டும். அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

நம் கோயில்களில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கப் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறார்கள். வேலை அனுமதி உள்ள வரை இருப்பார்கள், பிறகு ஊர் திரும்புவார்கள். விடியற்காலைப் பூசைக்கு நாலு பேர் நிற்கும் பிராகாரத்தில் பூபாளம் வாசிக்கிறார்கள். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்கிறார்கள். தேர் நகர்கிற வேகத்தைப் பார்த்துக் காலப்பிரமாணம் மாறும். அந்த மாற்றத்தை எந்த ஸ்டூடியோவிலும் உண்டாக்க முடியாது, ஏனென்றால் ஸ்டூடியோவில் தேர் இல்லை. கிள்ளான் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயில் வீதியில் ஒரு தவில்காரர் தனி வாசித்த இரவு, அவர் விமானம் ஏறியதும் அவரோடு போய்விடுகிறது. மிஞ்சுவது கைப்பேசியில் எடுத்த ஒரு நிமிடத் துண்டு.

கைப்பேசி போதாதா என்று கேட்பார்கள். போதாது, காரணம் இருக்கிறது. கைப்பேசியின் மைக் பேச்சுக்காகச் செய்தது. பெரிய சத்தம் வந்தால் அதுவே தன்னைத் தணித்துக்கொள்ளும். தவிலில் ஓர் அடி விழுந்ததும் பதிவின் அளவு இறங்கும், அதோடு நாதஸ்வரமும் பின்னால் போய்விடும். அடுத்த அடிக்குள் மெல்ல ஏறிவரும், மறுபடி இறங்கும். கேட்கிறவருக்கு இசை மூச்சுத் திணறுவது போல இருக்கும். கீழ்ச்சத்தம் அதைவிட மோசம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கோப்பு இன்னும் சுருங்குகிறது. கைப்பேசி மாறினால் அதுவும் இல்லை.

உறுமி மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியத் தமிழன் தனதென்று மார்தட்டிக்கொள்ளக்கூடிய இசை அது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வருகிற அந்த உறுமல் முழுக்கக் கீழ்ச்சத்தம். கைப்பேசியில் கேட்டால் ஏதோ கீறுகிற ஓசையாகத்தான் மிஞ்சும். நம் இளைஞர் குழுக்கள் ஸ்டூடியோவில் பாட்டுகள் செய்து வெளியிடுகிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். ஆனால் ஸ்டூடியோவில் காதுக்குள் ஒரு கிளிக் சத்தம் ஓடுகிறது, தாளம் அதற்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. பத்துமலையில் தாளம் காவடி எடுப்பவரின் காலுக்குக் கட்டுப்பட்டது. அவர் தளர்ந்தால் மேளம் இறங்கி அவரைத் தாங்கும், அருள் ஏறினால் மேளமும் ஏறும், படிக்கட்டு தொடங்கும் இடத்தில் இன்னொரு வேகம் பிடிக்கும். பக்கத்துக் குழுவின் மேளம் குறுக்கே புகுந்தால் அதைச் சமாளிக்கிற சாமர்த்தியம் வேறு. ஜாகிரும் செல்வகணேஷும் மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் செய்ததைப் பதினெட்டு வயதுப் பையன்கள் வெயிலில் நின்று செய்கிறார்கள். சக்தியின் மேடைப் பதிவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற நாம் இதை நல்ல மைக்கில் ஒரு முறையாவது முழுமையாகப் பதிய வேண்டும்.

மேடை நிகழ்ச்சிகளுக்கும் இது பொருந்தும். 1981ல் தொடங்கி இன்று பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் முதல் சிறு சிறு இசைப் பள்ளிகள் வரை, நடன அரங்கேற்றம் என்றால் பாட்டும் மிருதங்கமும் வயலினும் கூடவே மேடையில் இருக்கும். வீடியோ எடுக்க ஆள் வைக்கிறோம். அவர் ஆடுபவரைப் பார்க்கிறார், அது அவர் வேலை. பாடகிக்கும் மிருதங்கக்காரருக்கும் தனித்தனி மைக் இருக்கிறது, அந்த மைக்குகள் எல்லாம் மிக்ஸருக்குப் போகின்றன. இப்போது வரும் டிஜிட்டல் மிக்ஸர்கள் பலவற்றில் ஒரு கேபிளை மடிக்கணினியில் சொருகினால் ஒவ்வொரு மைக்கும் தனித்தனி ட்ராக்காகப் பதிவாகும். அந்தக் காலத்தில் இதற்கென்று ஒரு லாரி நிறையக் கருவிகள் வேண்டியிருந்தன. இன்று வசதி மேடை ஓரத்திலேயே கிடக்கிறது. சவுண்ட்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும். பெரும்பாலான நிகழ்ச்சிகளில் யாருக்கும் சொல்லத் தோன்றுவதில்லை.

கூட்டத்துக்கும் ஒரு மைக் வையுங்கள். மேடையைப் பார்த்து அல்ல, சபையைப் பார்த்து. தனி ஆவர்த்தனத்தில் தாளம் போடுகிற கைகளின் சத்தமும், தீர்மானம் விழுந்ததும் எழுகிற 'ஆகா'வும் அந்தப் பதிவில் இருக்கட்டும். 'மின்ட் ஜாம்ஸ்' நீக்கியதை நாம் நீக்க வேண்டாம்.

சிறு கோயிலுக்கு இவ்வளவும் முடியாது. அங்கே கையடக்கமான ஸ்டீரியோ ரிக்கார்டர் ஒன்று போதும். தானாக அளவைத் தணிக்கிற வசதியை அணைத்துவிட வேண்டும். தவிலின் உரத்த அடியை வைத்து அளவு பார்த்து, அதற்கும் கொஞ்சம் கீழே நிறுத்த வேண்டும். தவிலுக்கு நேர் எதிரே வைத்தால் குழல் கேட்காது. நாதஸ்வரத்தின் விரிந்த முனையான அணசைப் பார்த்தபடி, சில அடி தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே வைத்தால் இரண்டும் அளவாக வரும். கோப்பின் பெயரில் தேதி, இடம், வாசித்தவர் பெயர், என்ன ராகம் என்று எழுதிவையுங்கள். பெயர் இல்லாத பதிவு பத்து வருடத்தில் அநாதையாகிவிடும். இரண்டு பிரதி, இரண்டு வீட்டில்.

கலைஞரிடம் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது. அவர் பிழைப்பு அது. வெளியிடுவதானால் பணம் பேச வேண்டும், வெளியிடாமல் வைப்பதானால் அதையும் சொல்ல வேண்டும், எடுத்ததில் ஒரு பிரதி அவர் கையில் தர வேண்டும். ஊர் திரும்பும் தவில்காரர் தன் பிள்ளைக்குப் போட்டுக் காட்ட அது ஒன்றாவது இருக்கும்.

திருவிழா வரவு செலவுக் கணக்கில் பூ அலங்காரம், மின்விளக்கு, அன்னதானம், பந்தல், ஒலிபெருக்கி வாடகை என்று வரி வரியாகப் போடுகிறோம். ஒலிபெருக்கி வாடகைக்குக் கீழே ஒலிப்பதிவு என்று இன்னொரு வரி சேர்க்க நிர்வாகக் குழுவின் ஒரு கூட்டம் போதும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது உபயதாரர்கள்தான். பணம் அவர்கள் கொடுப்பது. அடுத்த தைப்பூசத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே கேளுங்கள்.